கொடுத்தவன் கூச்சம்

'இரவச்சம்' என்னும் குறள் அதிகாரத்தை இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கையேந்துவோனுக்கே அவ்வச்சம் உரியது என்று எண்ணியிருந்தேன். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோதுதான், வாயிற்படியில் தயங்கி நின்றவன் நானாகவும், உள்ளே நாற்காலியில் அமர்ந்திருந்தவர் கடன்பட்டவராகவும் இருக்கக் கண்டேன்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஈப்போவில் அச்சகம் நடத்திவந்த நண்பர் ஒருவருக்குப் பதினெண்ணாயிரம் ரிங்கிட் கொடுத்தேன். ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னார். சீட்டு எதுவும் எழுதி வாங்கவில்லை. நண்பரிடம் கையெழுத்துக் கேட்பதா? அந்த நாகரிகத்தின் விலையை என் மனைவி அறிவாள். அது எங்கள் மகளின் படிப்புக்கென்று சேர்த்த பணம். அவள் உயர்கல்விக் கடன் பெற்றே படிக்க நேர்ந்தது.

தீபாவளிக்கும் பொங்கலுக்குமாகத் தவணை சொல்லியே ஆண்டுகள் கழிந்தன. 2019 நவம்பரில், வழக்கறிஞராகிவிட்ட என் பழைய மாணவி ஒருவரைத் தேடிப் போனேன். நெடுநாள் அடக்கிய கோபத்தில், "அவரைத் திவாலாக்கிவிட முடியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. "வட்டி வாங்கினீர்களா, ஐயா?" என்றார். இல்லை என்றேன். "நல்லதாயிற்று. உரிமமின்றி வட்டிக்குக் கொடுத்திருந்தால், 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தைக் காட்டி உங்களையே மடக்குவார்கள்."

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகளே கெடு. பணம் தரவேண்டிய நாளிலிருந்து எண்ணினால், அது செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. என் கூச்சம் இரண்டு மாதம் பிந்திவிட்டது! "இடையில் ஒரு பகுதியேனும் கட்டினாரா? கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டு ஏதேனும் எழுதினாரா? அவ்வாறாயின் அந்த நாளிலிருந்து ஆறாண்டு புதிதாகத் தொடங்கும்" என்றார்.

அன்றிரவு நூலடுக்கு முழுவதையும் கலைத்தேன். பழைய இலக்கண நூலொன்றினுள், 2016இல் அவர் எழுதிய கடிதம் கிடந்தது. "தங்களுக்குத் தரவேண்டிய பதினெண்ணாயிரத்தை" என்று தொடங்கி, தாமதத்துக்கு மன்னிப்பு வேண்டி, கீழே முழுக் கையொப்பம். வந்த நாளில் அது எனக்கு எரிச்சலையே ஊட்டியிருந்தது.

திவால் பற்றிய என் கேள்விக்கும் விடை கிடைத்தது. முதலில் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். கடன் 50,000 ரிங்கிட்டேனும் இருக்க வேண்டும் என்பது அன்றைய வரம்பு. பின்னர் அது ஓர் இலட்சமாக உயர்ந்துவிட்டது. தொகை போதுமானாலும், திவாலானவரின் சொத்து வழக்காடியவன் கைக்கு வருவதில்லை. அரசின் திவால்துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்புக்குப் போகிறது. அடைமானம் பெற்ற வங்கி தன் பொருளை எடுத்துக்கொள்ளும். என்போன்றோர் கடனை மெய்ப்பித்து, எஞ்சியதில் விகிதப்படி பங்கு பெறக் காத்திருக்க வேண்டும். "அச்சு இயந்திரம் ஓடினால்தான் உங்கள் பணம் வரும், ஐயா" என்றார். மாணவியிடம் பாடம் கேட்பது, அந்த மனநிலையிலும், இனிமையாகவே இருந்தது.

கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானதும் நண்பர் இறங்கிவந்தார். மாதம் 500 ரிங்கிட் என்று இணக்கத் தீர்ப்பாயிற்று. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து அச்சகம் மூடிக் கிடந்த மூன்று மாதங்கள் பணம் வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு உரிமை உண்டென்று அறிந்திருந்ததால், நானும் கேட்கவில்லை.

2023 மே மாதம் கடைசித் தவணை வந்தது. பின்னர் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவருடைய கடிதம் அதே இலக்கண நூலில்தான் இருக்கிறது.