கண்ணுக்குள் ஒரு கடிவாளம்

மரக்காணம் பக்கத்து இறால் ஹேச்சரிகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். எத்தனை தாய் இறால்களின் கண்ணை நசுக்கியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை.

வெனாமி இறால் இங்கே 2009-க்குப் பிறகுதான் பரவலாகப் பண்ணைக்கு வந்தது. அதற்கு முன்பு வரி இறால் காலம். தாய் இறாலை ஈரத்துணியில் சுற்றி இடது கையில் பிடிப்பேன். சிறு காம்பின் நுனியில் மிளகு போலக் கண் நிற்கும். சூடாக்கிய இடுக்கியால் ஒரு காம்பை மட்டும் அழுத்தி நசுக்கித் தொட்டியில் விட வேண்டும். வால் ஒருமுறை படீரென்று அடிக்கும். ஒரு வாரம் போனால் முதுகு நெடுகச் சினை கரும்பச்சையாக ஓடுவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும்.

அந்தக் காம்புக்குள் ஒரு சுரப்பித் தொகுதி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஹார்மோன்களில் ஒன்று சினை வளராமல் பிடித்து வைக்கிறது. இன்னொன்று ஓடு கழற்றாமல் பிடித்து வைக்கிறது. மற்றொன்று உடம்பின் சர்க்கரையைக் கவனிக்கிறது. ஒரே குடும்பத்து மரபணுக்கள் தரும் வேலையாட்கள் இவர்கள். கண்காம்பை எடுத்தால் நண்டு சீக்கிரம் ஓடு கழற்றுகிறது என்று ஸெலனி என்ற ஆய்வாளர் 1905-லேயே பார்த்தார். இறாலில் சினை பெருக்கிறது என்று பிரான்சின் பனூஸ் 1943-இல் கண்டார். ஹேச்சரித் தொழிலே இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நின்றது.

இயற்கை ஏன் இப்படிக் கடிவாளம் போட்டது என்பது எனக்குச் சேற்று நண்டைப் பார்த்துத்தான் விளங்கியது. ஓடு கழற்றும் நாள் நெருங்கினால் அது தீனி எடுக்காது. பழைய ஓட்டின் சுண்ணாம்பில் ஒரு பங்கை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு பின்பக்கம் விரிசல் விடும். அதன் வழியே பின்னோக்கி நழுவி வெளியே வரும். கொடுக்கின் உறை, கண்ணின் உறை, வயிற்றுக்குள் இரை அரைக்கும் பல் வரை பழைய ஓட்டோடு போய்விடும். வந்ததும் தண்ணீரை இழுத்து உப்பும். அந்த உப்பல்தான் வளர்ச்சி. தொட்டால் நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும். சந்தையில் தண்ணி நண்டு என்று விலையைக் குறைப்பார்கள். பெண் நண்டு அந்த மெல்லிய உடம்போடுதான் இணை சேரும். ஆண் நண்டு சில நாள் முன்பிருந்தே அதைத் தன் வயிற்றடியில் அணைத்துக்கொண்டு திரியும். ஓடு கழன்ற பிறகும் விட்டுப் போகாமல் காவல் நிற்கும். இத்தனை ஆபத்தான நேரம் கண்டபடி வந்தால் உயிர் தாங்காது.

கண்ணை நசுக்கிய தாய் இறாலுக்கோ அந்தக் கடிவாளம் இல்லை; அடுத்தடுத்து முட்டையிடும். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். போகப் போகப் பொரிப்பது குறையும். தாயும் ஓய்ந்துவிடும். தொட்டியடியில் கிடந்தவற்றை வலையால் அள்ளிப் போட்டதும் நான்தான்.

அதே வருஷங்களில் என் மகளையும் விரட்டினேன். எட்டாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம். மார்க் வந்தது, ஊரே பாராட்டியது. கல்லூரி இரண்டாம் வருஷத்தில், "என்னால முடியலப்பா" என்று வந்து படுத்துவிட்டாள். எட்டு மாதம். நான் கத்தினேன். அவள் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே பேசி அனுப்பினாள். அந்த ஆண் நண்டின் காவலை என் வீட்டில் பார்த்தபோதுதான் நான் வாயை மூடினேன். ஒருநாள் காலையில் மகளே பையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள். இன்று அவள் அரசுப் பள்ளி ஆசிரியை.

கண்ணைத் தொடாமலே வெனாமியைச் சினையாக்க முடியும். கடல்புழு, கணவாய் என்று நல்ல தீனியும் மங்கிய வெளிச்சமும் வேண்டும், தாய்களைச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் சில ஹேச்சரிகள் அப்படியே நடக்கின்றன. நம் ஊர்க்காரர்களும் ஒரு தொட்டியிலாவது செய்து பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வகுப்பில் பணம் கட்டப் போகும் பெற்றோரே, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வருஷம் வேண்டாம், பிள்ளையை விட்டுவிடுங்கள்.