பஸ் எங்கே?

பதினொரு விநாடி வீடியோ அது. அனுப்புவதா அழிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு வாரம் என் கைப்பேசியிலேயே கிடந்தது.

காலை ஏழு மணிக்கு முன்பு பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். லோரிகள், கன்டெய்னர் வண்டிகள், தொழிற்சாலை பஸ்கள், இவற்றுக்கு நடுவே நுழைந்து போகும் மோட்டார்கள். அன்று என் மோட்டார் பட்டறையில் இருந்ததால் உடன் வேலை செய்யும் நண்பரின் காரில் போனேன். இடப்பக்கத் தடத்தில் ஒரு தொழிற்சாலை பஸ். ஓட்டுநரின் வலது கை காதோடு ஒட்டியிருந்தது. கையில் கைப்பேசி. பஸ் மெல்ல வெள்ளைக் கோட்டை மிதித்து எங்கள் பக்கம் சாய்ந்தது. இடையில் வந்த ஒரு மோட்டார்காரர் சட்டென்று பிரேக் அடித்துத் தடுமாறி நின்றார். அவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

நான் வீடியோ எடுத்தேன்.

ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது நம் நாட்டில் குற்றம். 1959ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ பிரிவு அதைச் சொல்கிறது. அபராதம் உண்டு. ஜேபிஜேயின் செயலி வழியாகப் பொதுமக்களே புகார் கொடுக்கலாம். என் அடையாள அட்டை எண்ணோடுதான் அதற்குள் நுழைய வேண்டும். மொட்டைக் கடுதாசி மாதிரி இல்லை. அதனாலேயே கை தயங்கியது.

“எதுக்குடா ஊர் வம்பு? அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல,” என்றார் அம்மா.

“ஃபேஸ்புக்ல போடு. ஒரு மணி நேரத்துல ஆள யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க,” என்றார் நண்பர்.

ஃபேஸ்புக் என்றதும் எனக்கு 2017 பிப்ரவரி 18 நினைவுக்கு வந்தது. அன்று விடிவதற்கு முன் ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் சைக்கிள் ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் காரில் மோதுண்டு இறந்தார்கள். காரை ஓட்டிய பெண் குடித்திருக்கவில்லை, கைப்பேசி பயன்படுத்தவில்லை என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. இருமுறை விடுதலை, 2022இல் உயர்நீதிமன்றத்தில் ஆறாண்டு சிறைத் தண்டனை, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி விடுதலை. இத்தனை காலமும் சமூக ஊடகத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். புகார் என்றால் கேட்பதற்கு ஓர் அதிகாரியாவது இருப்பார். ஃபேஸ்புக்கில் அதுவும் இல்லை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டேன்.

புகாருக்குச் சாதகமாகவும் காரணம் இருந்தது. என் அண்ணன் தினமும் சிங்கப்பூருக்குக் காரில் போய் வருபவர். 2015 பிப்ரவரி 1 முதல் அங்கே ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். பாலத்தைத் தாண்டும்போது அண்ணனின் கைப்பேசி பைக்குள் போய்விடும். மாலையில் ஜொகூர் பக்கம் வந்ததும் மறுபடியும் கைக்கு வந்துவிடும். ஆள் ஒன்று, கார் ஒன்று. பயம் மட்டும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நாமும் பத்துப் பேர் புகார் கொடுத்தால் அது இந்தப் பக்கமும் வரும்தானே?

தவிர, நான் யுடிஎம்மில் பொறியியல் படித்து தொழிற்சாலையில் வேலை செய்பவன். எங்களிடம் ‘நியர் மிஸ்’ என்று ஒரு பாரம் உண்டு. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்றால் அந்த ஷிப்ட் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் காட்டிக் கொடுப்பதாக நினைப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடும். நான்கு விநாடி கவனம் சிதறினால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்தப் பிள்ளைக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட இல்லை.

ஏழாவது நாள் இரவு, அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்தேன். வண்டி எண்ணைப் படிக்க வீடியோவைப் பெரிதாக்கினேன். எங்கேயோ பார்த்த எண். எங்கள் தொழிற்சாலைக்கு ஹாஸ்டலிலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வரும் குத்தகை பஸ்.

நேரம் குறிக்க வேண்டும் என்று பார்த்தேன். 6.47. ஏதோ ஒரு சந்தேகத்தில் எங்கள் லைனின் வாட்ஸாப் குழுவைத் திறந்து அந்த நாளுக்குப் போனேன்.

6.43: “பஸ் எங்கே? யாராவது கூப்பிட்டுக் கேளுங்க.” எழுதியது நான்.

6.49: “டிரைவர் அங்கிள்கிட்ட பேசிட்டேன். இன்னும் பத்து நிமிஷம்.” எழுதியது எங்கள் லைன் லீடர்.

அந்தக் கைப்பேசியில் மறுமுனையில் இருந்தது எங்கள் லைன். என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே பஸ் பக்கத்தில் அங்கிளைப் பார்த்தேன். அறுபதை நெருங்கும் வயது. விஷயத்தைச் சொன்னேன்.

“எடுக்கலன்னா பாஸுக்கு அடிப்பாங்க தம்பி. பாஸ் எனக்கு அடிப்பாரு. அதுக்கு முதல் தடவையே எடுத்துடறது.”

“ஓரமா நிறுத்திப் பேசலாமே அங்கிள்?”

“நிறுத்துனா இன்னும் லேட்டு. லேட்டானா மறுபடியும் போன் வரும்.”

வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இந்தப் பிள்ள எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார். அன்று அவர் அந்த மோட்டாரையே பார்த்திருக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

அன்றே நியர் மிஸ் பாரத்தை என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், ‘ஓட்டுநர் பயணத்தில் இருக்கும்போது நாங்கள் அழைத்தது’ என்று எழுதினேன். “கேட்டுக்கு வெளியே நடந்தது நம்ம கணக்குல வராது,” என்றார் மேலாளர். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிய பாதுகாப்பு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்துக் காட்டினேன். சிக்கல் கையில் மட்டும் இல்லை, பேச்சில் இருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இப்போது பஸ் ஓடும்போது யாரும் அங்கிளை அழைப்பதில்லை. பஸ்ஸில் வரும் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் எங்கே வருகிறோம் என்று குழுவில் எழுதிவிடுகிறார். இவ்வளவு எளிதான வேலை இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வீடியோவை ஜேபிஜேவுக்கு அனுப்பவில்லை. அது சரிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. தெரிந்தவர் என்பதால் விட்டுவிட்டாய் என்பார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

போன மாதம் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஒருவர் ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அண்ணன் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன், அன்றிரவே அனுப்பிவிட்டேன். அவரை யார் அவசரப்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் போய்ப் பேச எனக்கு வழியும் இல்லை. பேச வழி இருந்தால் முதலில் பேசுவது, இல்லாவிட்டால் புகார் கொடுப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

அம்மாவிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். மாலையில் அண்ணனை அழைத்தால், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன் வண்டியில் இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு நாள் மறந்துவிட்டார். நேற்று கேட்டார். “அப்ப வையிடா, வீட்டுக்கு வந்து பேசு,” என்று அவரே வைத்துவிட்டார்.