இரவு எந்த ஊரில்?

ஐம்பது வயதைக் கடந்த பின் எங்கள் இருவருக்கும் ஓர் ஆசை எழுந்தது. குருமடத்தில் ஒன்றாகப் பயின்ற நாங்கள், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செல்ல விரும்பினோம். 700 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. நிலப்படத்தை மேசைமீது விரித்து, மூன்று மாலைப்பொழுதுகள் திட்டமிட்டோம்.

காலத்தைத் தேர்வதே முதல் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரைக்குரியவை. சித்திரை வெயிலோ தலைக்கவசத்துக்குள் தலையை வேகவைத்துவிடும். ஆகவே பிப்ரவரி மாதம் என்று முடிவு செய்தோம். அடுத்து இடங்கள். மாமல்லபுரம், டேனியர் 1620-இல் கோட்டை எழுப்பத் தொடங்கிய தரங்கம்பாடி, வெளிமான்கள் மேயும் கோடியக்கரை, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி, மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணப்பாடு எனச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். அரிச்சல்முனைவரை 2017-இல் சாலை திறக்கப்பட்டுவிட்டதால், நிலம் முடியும் இடத்துக்கே வண்டியில் போகலாம் என்று சிறுவர்களைப் போல் மகிழ்ந்தோம். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர். நான்கே நாள்களில் பயணம் முடிந்துவிடும்.

அப்போது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். நாகப்பட்டினத்துக்கு அருகே மீனவச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது மனைவியையும் பேரனையும் இழந்து, மகளோடு இங்கே வந்து தங்கியவர். படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அவருடைய ஊரின்மேல் எங்கள் கோடு நிற்காமல் ஓடியிருந்தது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. ராத்திரி எங்க கரையில எந்த ஊர்ல தங்குறீங்க?”

எங்களிடம் விடையில்லை. படகுகள் கரையேறும் விடியலில் நாங்கள் நகரத்து விடுதியில் உறங்கிக்கொண்டிருப்போம். வலைகளைப் பழுதுபார்க்க அவர்கள் அமரும் வேளையில் விரைந்து கடந்து போயிருப்போம். எங்களுக்குக் கடல் ஒரு காட்சி. அவர்களுக்கோ அது வயல். சில வீடுகளுக்குக் கல்லறையும்கூட. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராக நடந்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித் தருகிறோம். அவர் அந்த ஊர்களைக் கடந்து போனவர் அல்லர், தங்கியவர் என்பதை நாங்களே மறந்திருந்தோம்.

திட்டத்தைத் திருத்தினோம். நான்கு நாள்கள் ஒன்பதாயின. இரண்டு சிவப்பு வட்டங்கள் அழிந்தன. மூன்று இரவுகள் மீனவர் ஊர்களுக்கு ஒதுக்கப்பட்டன. முதியவர் தம் தம்பி மகனோடு தொலைபேசியில் பேசி, “கட்டில் கிடையாது, பாய்தான். மீன்குழம்புக்குக் குறைவிருக்காது” என்று எங்களிடம் உறுதி கூறினார். உடன் வருகிறீர்களா என்று கேட்டோம். தலையை அசைத்து மறுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் அந்தக் கரையை மிதிக்கவில்லை.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் மீண்டும் வந்தார். தாளில் சுற்றிய இரண்டு மெழுகுதிரிகளை எங்கள் கையில் வைத்தார். கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேற்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பயணத்துக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறோம்: மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், இரத்த அழுத்த மாத்திரைகள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரண்டு மெழுகுதிரிகளை எழுதியிருக்கிறோம்.