சேர்வராயன் மலை யாத்திரை: தரிசனமும் தற்காப்பும்

சேலம் மாநகரில் கோட்டை மாரியம்மனைத் தொழுது, ஏற்காடு மலைப்பாதையில் திரும்பும் அன்பர்களுக்குச் சிறிது நேரத்திலேயே காற்றின் தன்மை மாறிவிடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளியின் வெப்பம் ஒரு படி கீழிறங்கி நின்றுவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் மீது படர்ந்த மிளகுக் கொடிகளும், நிழலில் தழைத்த காப்பிச் செடிகளும் கண்ணில் படத் தொடங்கும்போது, மலை வந்துவிட்டது என்று மனம் அறிந்துகொள்கிறது.

ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் ஏற்காடு எனப் பெயர் வந்ததாகக் கூறுவர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,970 அடி உயரத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையின் மீது இவ்வூர் அமைந்திருக்கிறது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலையைத் தங்கள் இல்லமாகக் கொண்டு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்தனர் என்பது அவர்களின் வழிவழி மரபு.

அம்மக்கள் போற்றும் தெய்வமே சேர்வராயப் பெருமாள். ஏற்காட்டு ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 5,326 அடி உயரச் சிகரத்தில், அகன்ற சமதளப் புல்வெளியின் ஓரமாக ஒரு குகையே கோயிலாக விளங்குகிறது. தலை தாழ்த்தியே உள்ளே நுழைய வேண்டும். இருள் சூழ்ந்த அக்குகையில் விளக்கொளியில் சேர்வராயனும் காவேரியம்மனும் காட்சி தருகின்றனர். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவின்போது மலைக்கிராமங்கள் அனைத்தும் அங்கே திரண்டுவிடும். பள்ளி விடுமுறைக் காலமும் அதுவே ஆகையால், பேரன் பேத்தியருடன் முதியோர் மலையேறுவதும் அந்த நாட்களில்தான்.

இந்த யாத்திரையில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. குளிர்ந்த மலையில் கொசு இராது என்ற நம்பிக்கையோடு பலர் வருகின்றனர். ஐயாயிரம் அடி உயரம் கொசுவுக்குத் தடையன்று. கோடையில் இம்மலையின் வெப்பம் கொசு வளர்வதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீரில்லாத கலத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் பெய்யும் ஒரு மழை அக்கலத்தை நிரப்பினால் போதும், ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறக்கிறது.

மலைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் அறியாததன்று. குளிர் சுரம், முறைக் காய்ச்சல், மலைக் காய்ச்சல் என்று அதற்குப் பெயரிட்டு அஞ்சினர். அதன் காரணம் மட்டும் நெடுங்காலம் புலப்படவில்லை. 1897ஆம் ஆண்டில் அதனைத் தேடிக்கொண்டிருந்த மருத்துவர் ரொனால்டு ராஸ், நீலகிரியின் சீகூர் மலைப்பாதைக்குச் சென்றபோது தாமே மலேரியாவுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில், அனாபிலிஸ் வகைக் கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. காரணம் தெரிந்த பின்பு, அஞ்சுவதற்கு இருந்த இடத்தில் காத்துக்கொள்வதற்கு வழி பிறந்தது.

அவ்வழியின் முதற்படி, கொசுவின் நேரத்தை அறிவது. ஏடிஸ் பகலில் கடிப்பது. சூரியோதயத்துக்குப் பின் இரண்டொரு மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முன் இரண்டொரு மணி நேரமும் அதற்கு மிக உகந்தவை. அனாபிலிஸ் அந்தி சாய்ந்தது முதல் விடியும் வரை நடமாடும். பக்தர்களின் கால அட்டவணையை இதனோடு ஒப்பிட்டால் வியப்பு ஏற்படும். காலைத் தரிசனம் ஏடிஸின் வேளை. லேடீஸ் சீட் முனையில் அமர்ந்து சூரியன் மறைவதையும், கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர்வதையும் காணும் மாலைப்பொழுதோ இரண்டு வகைக் கொசுக்களும் சந்திக்கும் வேளை. ஏரிக்கரை நடையும் அந்நேரத்தில்தான் அமைகிறது.

இதற்காகத் தரிசனத்தையோ மாலைக் காட்சியையோ கைவிட வேண்டியதில்லை. உடுத்தும் முறையிலேயே பாதிக் காப்பு அடங்கியிருக்கிறது. கருமையான, அடர்ந்த நிறங்கள் கொசுவை ஈர்க்கின்றன. வெண்மையும் இளநிறங்களும் அவ்வளவாக ஈர்ப்பதில்லை. ஆகவே நம் வெள்ளை வேட்டி மலைக்கு மிகப் பொருத்தமான உடை. அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டாமல் கணுக்கால் வரை தழைய விட வேண்டும். ஏடிஸ் பெரும்பாலும் கணுக்காலையும் பாதத்தையுமே நாடும். மேலுக்கு முழுக்கைச் சட்டை அணிவது நலம். சட்டையைக் களைந்து வழிபடும் சன்னதிகளில் அங்கவஸ்திரத்தைத் தோள்களையும் முதுகையும் மூடுமாறு போர்த்திக்கொள்ளலாம். பெண்கள் முழங்கை வரை நீண்ட ரவிக்கையும், முந்தானையைப் போர்த்திய வண்ணமுமாக இருந்தால் போதுமானது.

துணியால் மறைக்க இயலாத இடங்களுக்குக் கொசு விரட்டிக் களிம்பு வேண்டும். அதன் உறையில் டீட் அல்லது பிகாரிடின் என்ற பெயர் உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இவை பல்லாண்டு ஆய்ந்து பயனறிந்தவை. வேப்பெண்ணெய் போன்றவை சிறிது நேரமே காக்கும். அடிக்கடி பூச வேண்டியிருக்கும். கோயிலுக்குச் செல்வோர் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றும் இடத்தில் பாதங்கள் வெறுமையாகிவிடுவதால், பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலிலும் முன்னதாகவே பூசியிருக்க வேண்டும். பூசிய கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தீர்த்தமும் பிரசாதமும் ஏற்க வேண்டும். தெளிக்கும் வகைத் திரவங்களில் எளிதில் தீப்பற்றும் சாராயம் கலந்திருக்கக்கூடும். அது நன்கு உலர்வதற்கு முன் கற்பூர ஆரத்தியின் அருகே செல்லுதல் கூடாது. இரவில் உறங்குமுன் தோலில் உள்ளதைக் கழுவிவிடுவதும் அவசியம்.

தங்கும் அறைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, குளியலறையில் உள்ள வாளியையும் குவளையையும் பார்ப்பது. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் பழைய நீர் தேங்கியிருக்கும். அதைக் கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். ஏடிஸ் தான் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில நூறு அடிகளுக்குள்ளேயே சுற்றும். நம்மைக் கடிக்கும் கொசு நம் அறையிலோ, முற்றத்துப் பூந்தொட்டித் தட்டிலோ, வாசலில் எறிந்த தேங்காய்த் தொட்டியிலோ பிறந்ததாகவே இருக்கும். உடைத்த சிதறு தேங்காயின் ஓடுகளையும், நீர் அருந்திய காகிதக் குவளைகளையும் கோயில் வளாகத்தில் எறியாமல் குப்பைத் தொட்டியில் இடுவது, நமக்குப் பின் வரும் அடியவர்க்குச் செய்யும் கைங்கரியம்.

சமவெளியில் இரவு முழுவதும் சுழலும் மின்விசிறியே கொசுவை ஓரளவு விலக்கிவிடுகிறது. மலையில் குளிருக்காக விசிறியை நிறுத்திவிடுகிறோம். ஆகையால் அங்கே கொசுவலையின் தேவை அதிகம். மடித்து எடுத்துச் செல்லக்கூடிய வலை ஒன்று பையில் இருப்பது நன்று. அதன் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது ஆஸ்துமாவும் நெஞ்சுச் சளியும் உள்ள முதியோருக்கு ஆகாது. சாம்பிராணிப் புகையின் மணம் மனத்துக்கு இதமே. புகை நிற்கும் வரை கொசுவும் சற்று விலகும். அதையே முழுக் காப்பாக நம்பிவிடலாகாது. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவையும் சன்னலையும் சாத்தும் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் மலையிலும் கைகொடுக்கும்.

கொசுவைத் தவிர வேறு சிற்றுயிர்களும் இம்மலையில் உண்டு. கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடிகள் மல்லிகை போல் வெண்மையாகப் பூத்து மணம் பரப்பும். தேனீக்கள் அம்மலரை நாடி வரும். உயர்ந்த மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் மலைத்தேனீ கூடு கட்டும். கூட்டின் கீழே புகை எழுப்புவதும், பட்டாசு வெடிப்பதும், கல்லெறிவதும் பெருந்தீங்காய் முடியும். தேனீக்கள் கலைந்து சூழ்ந்தால் கைகளை வீசாமல், முந்தானையாலோ துண்டாலோ முகத்தை மூடிக்கொண்டு, வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ விரைந்து செல்ல வேண்டும். கொட்டிய இடத்தில் கொடுக்கு தங்கியிருந்தால் தாமதியாமல் நகத்தால் வழித்து எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறலோ, உதடும் முகமும் வீங்குதலோ, மயக்கமோ கண்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒருவகைச் சிலந்திப்பேன் இருக்கும். அதன் கடியால் வருவதே தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். சிகரத்துப் புல்வெளியைக் கண்டவுடன் அப்படியே அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்க மனம் விரும்பும். ஒரு தடித்த விரிப்பை விரித்து அமர்ந்தால் போதும். அறைக்குத் திரும்பியதும் உடையை மாற்றிக் குளித்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளோருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கடித்ததே தெரியாது, சொறிந்த இடமும் புண்ணாகிவிடும். ஆகவே ஒவ்வோர் இரவும் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் வீட்டார் ஒருவர் விளக்கொளியில் பார்ப்பது நலம். பாட்டியின் பாதத்தைப் பேத்தி தொட்டுப் பார்ப்பதும் ஒரு பாதசேவையே.

மலையிறங்கி வீடு சேர்ந்த பிறகும் யாத்திரையின் ஒரு கடமை மீதம் இருக்கிறது. கடித்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. டெங்குவானால் நான்கு முதல் பத்து நாட்களில் வெளிப்படும். உண்ணிக் காய்ச்சல் மூன்று வாரம் வரையிலும் மறைந்திருக்கும். மலேரியா அதற்குப் பின்னும் தலைகாட்டலாம். அதற்குள் யாத்திரை மறந்துபோகிறது. சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று எண்ணி வீட்டு வைத்தியத்தில் நாட்களைக் கழித்துவிடுகின்றனர். இளையோர் உடல் தாங்கும் தாமதத்தை முதியோர் உடல் தாங்குவதில்லை. எனவே திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் முதலில் கூற வேண்டிய செய்தி, மலைக்குச் சென்று வந்தோம் என்பதே. அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் தீச்சுட்டாற்போன்ற சிறு கரும்புண் இருந்தால் கூச்சமின்றிக் காட்ட வேண்டும். அந்த ஒரு தழும்பே உண்ணிக் காய்ச்சலை அடையாளம் காட்டிவிடும். உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் அது நன்கு குணமாகும் நோய்.

காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்குதல் கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உட்கொள்வோர், அவற்றைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவித்து அவர் சொற்படி நடக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. காய்ச்சல் தணியும் நாளிலேயே இவை தோன்றுவதும் உண்டு என்பதால், உடல் குளிர்ந்துவிட்டதென்று அசட்டையாக இருத்தல் கூடாது.

உடம்பினுள்ளே இறைவன் கோயில் கொண்டிருக்கிறான் என்று கண்டு, அவ்வுடம்பைப் பேணியவர் திருமூலர். குகைக்குள் குனிந்து நுழைந்து சேர்வராயனையும் காவேரியம்மனையும் தொழும் அந்தக் கணத்துக்காகவே முழங்கால் வலியையும் பொறுத்து முதியோர் மலையேறுகின்றனர். தழையக் கட்டிய வேட்டியும், கவிழ்த்து வைத்த வாளியும், செருகிய கொசுவலையும் அந்தத் தரிசனத்துக்குச் செய்யும் முன்னேற்பாடுகளே. அடுத்த ஆண்டு வைகாசியிலும் அவர்கள் அதே இருபது வளைவுகளைக் கடந்து மேலேற, மலைமேல் நின்ற பெருமாள் அருள்புரிவானாக.