இரவில் வரும் கேள்விகள்

எங்கட பள்ளிக்கூடத்தில் கணினி அறைக்குள் போவதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். ஏசி இருந்த ஒரே அறை அதுதான். ஒரு கணினிக்கு நாலு பேர். மௌஸ் என்ர கைக்கு வர முன்னமே மணி அடித்துவிடும். தொழினுட்பம் என்பது அப்போது நேரசூசியில் வந்துபோகும் ஒரு பாடம் மட்டும்தான். மற்றதெல்லாம் கரும்பலகையும் வெண்கட்டியும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியதும், எல்லாப் பாடமும் ஃபோனுக்குள் வந்துவிட்டது. வீட்டில் ஒரு ஃபோன், படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். ரீச்சர் கொப்பியில் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவா. கீழே வரிசையாக "நன்றி ரீச்சர்". விளங்கியதா என்று யாருக்குத் தெரியும்? 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

இப்போது ஒரு ரியூட்டரியில் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வகுப்பில் "விளங்கிச்சோ?" என்றால் "ஓம் சேர்" என்று ஒரே குரல். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் வொய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கும். "சேர், அந்த 3ஐ அங்கால கொண்டு போகேக்க சக ஏன் சய ஆகுது?" கேட்பவன் வகுப்பில் வாயே திறக்காதவன். நான் படிக்கும்போது பின்வாங்கில் இருந்தவர்கள் இப்படியான கேள்விகளை மனதுக்குள் வைத்துக்கொண்டே சோதினைக்குப் போயிருப்பார்கள். அதனால் "ஃபோன்தான் பிள்ளையளைக் கெடுக்குது" என்று யாரும் சொன்னால் எனக்கு முழுசாகத் தலையாட்ட வருவதில்லை. (என்ர விளக்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறார்களாம். பரவாயில்லை, நான் இழுத்து இழுத்துக் கதைக்கிற ஆள்.)

ஆனால் அதே கேள்வி அதே இரவில் ஐந்து பேரிடமிருந்து வரும். ஒருவருக்கும் மற்றவர் கேட்டது தெரியாது. ஐந்து பேரும் தான் மட்டும்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போவார்கள். வகுப்பில் ஒருத்தர் எழும்பிக் கேட்டால் மற்ற நாலு பேருக்கும் வருகிற நிம்மதி ஃபோனில் இல்லை.

ஆகவே அடுத்த நாள், பெயர் சொல்லாமல், அந்தக் கேள்வியைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன். "நேற்று ஐஞ்சு பேர் கேட்டவை." பிறகுதான் விளக்கம்: 3 எங்கேயும் போகவில்லை, சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் 3ஐக் கழிக்கிறோம், அவ்வளவுதான். "அங்கால கொண்டு போறது" என்பது நாங்கள் படிப்பிக்கிறவர்கள் அவசரத்துக்குப் பழக்கிவிட்ட பேச்சு.

போன கிழமை முன்வாங்கிலிருந்து ஒருத்தி, "சேர், அதில ஒண்டு நான்" என்றாள்.

"நானுந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.