அம்மாவின் சேலை

இருபத்தெட்டு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் போதித்தவன் நான். என்சைம் பாடம் வந்தால் சர்க்கரைக் கட்டி ஒன்றை மேசைமேல் வைப்பேன். "இது வருஷக்கணக்கில் இந்தக் காற்றில் கிடந்தாலும் எரியாது. உங்கள் உடம்பு மட்டும் 37 பாகை செல்சியஸ் சூட்டிலேயே எரித்துவிடுகிறதே, எப்படி?" என்று கேட்பேன். பிறகு 1894இல் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு, சாவி விளக்கம். என்சைமின் குழிவில் பொருத்தமான மூலக்கூறு வந்து உட்காரும், மாறும், வெளியேறும். என்சைம் தேயாமல் அடுத்ததை ஏற்கும். வேதிவினை ஏறிக் கடக்க வேண்டிய மேட்டை அது தாழ்த்திக் கொடுக்கிறது. மாணவர்கள் மனனம் செய்து தேர்வில் எழுதுவார்கள். அத்தோடு சரி.

என் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்வார்கள். பேரனுக்கு அந்த என்சைம் குறைவு என்று வந்தது. சில நாள் வைத்திருந்து பார்த்து, வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒரு தாளைக் கொடுத்து விளக்கினார். கேட்காமல் மருந்து தரக்கூடாது, அந்துருண்டை கூடாது என்று பட்டியல் நீண்டது. எனக்குத் தெரியாததா? தலையாட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

வீட்டில் என் மனைவி தொட்டில் கட்டி வைத்திருந்தாள். காலமான என் அம்மாவின் நூல் சேலை. "அத்தை சேலைங்க, பிள்ளைக்கு ராசி" என்றாள். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தது. அதில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்துருண்டை போடுபவன் நான்தான். வாசம் வந்தது. அதை அம்மாவின் வாசமாகவே நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் சட்டைப்பை நினைவுக்கு வந்தது.

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. சுமார் 120 நாள் ஆயுளில் புதிதாக ஒரு என்சைமைக்கூட அது செய்துகொள்ள முடியாது. கொண்டுவந்த ஜி6பிடிதான் அதற்குக் காவல். குளுக்கோஸிலிருந்து அது எடுத்துத் தரும் ஹைட்ரஜனை வைத்துத்தான் அணு தன்னைத் தாக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்களைச் சமாளிக்கிறது. நஃப்தலின் உடம்புக்குள் போனால் அத்தகைய பொருள்கள் பெருகும். காவல் குறைந்த அணு உடையும். உடைந்ததிலிருந்து மஞ்சள் நிற பிலிருபின் வரும். அதைக் கரைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் என்சைமோ பிறந்த குழந்தைக்கு இன்னும் முழுதாக வேலை தொடங்கியிருக்காது. மிதமிஞ்சினால் மூளைக்குப் போய்விடும். இத்தனையும் எனக்குத் தெரியும். மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய அந்த அரை மணி நேரமும் தெரிந்துகொண்டே ஓட்டினேன்.

டாக்டர் முதலில் கேட்டதே அந்துருண்டையைப் பற்றித்தான். அது ஒன்றே காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நீல ஒளியின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். அந்த ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றிவிடும். கல்லீரல் என்சைமுக்குக் காத்திராமல் அது வெளியேறும். மூன்றாம் நாள் அளவு இறங்கியது.

இதற்கிடையில் சம்பந்தியம்மா, "இது எந்தப் பக்கத்து வழிங்க?" என்று கேட்டுவிட்டார். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் குறை, ஆண் குழந்தைக்குத் தாய் வழியாகத்தான் வரும். "எங்கள் பக்கம்தாங்க" என்றேன்.

மனைவி மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தத் தாளை எங்கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டியிருக்கலாமேங்க?" முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு வீட்டில் ஒருத்தியிடம் சொல்லத் தோன்றவில்லை. பதில் சொல்லவில்லை.

பேரனுக்கு இப்போது மூன்று வயது. ஓடியாடுகிறான். தாளில் இருந்ததைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு படி இருக்கிறது.