கடல் கேட்கும், ஆனால் தெரியாது! 2054-ஐ எண்ணி வாழும் ஒரு வேல்ஸ் ஊர்

ஜனவரி மாதம். காலை எட்டு மணி ஆகியும் இன்னும் விடியவில்லை. பிரிட்டனின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் கடற்கரையில் இருக்கும் ஃபேர்போர்ன் என்ற சின்ன ஊர் அது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஏதோ ஒரு வீட்டின் சமையலறையில் விளக்கு எரிகிறது, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. அதையும் தாண்டி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அலை வருகிறது, கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு திரும்பிப் போகிறது.

இந்த ஊரில் கடல் கேட்கும். ஆனால், வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. வீடுகள் எல்லாம் தாழ்வான நிலத்தில் இருக்கின்றன. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கூழாங்கல் மேடும் தடுப்புச் சுவரும்தான். அந்த மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் பொங்கி ஏறும்போது, தண்ணீரின் மட்டம் ஊரில் பல வீடுகளின் தரையைவிட உயரத்தில் இருக்கும். முதன்முறையாகப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். அங்கேயே இருப்பவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

மாவு வியாபாரி கண்ட கனவு

ஃபேர்போர்ன் பழங்காலத்து ஊர் அல்ல. 1890-களில் ஆர்தர் மெக்டூகல் என்பவர் இங்கே ஒரு கடற்கரை உல்லாச ஊரை உருவாக்க நினைத்தார். பிரிட்டனில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த மெக்டூகல் மாவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதற்கு முன்பு இந்த இடம் உப்புச் சதுப்பு நிலம். கரை கட்டி, தண்ணீரை வடித்து, வீடு கட்டினார்கள். கட்டுமானப் பொருட்களை ஏற்றிச் செல்ல 1895-ல் குதிரை இழுக்கும் டிராம் ஒன்றும் வந்தது.

அந்த டிராம்தான் இன்றைக்கு ஊரின் செல்லக் குழந்தையான மினி ரயில். 1916-ல் நீராவிக்கு மாறியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓரடியைவிடச் சற்றே கூடுதல் இடைவெளி, அவ்வளவுதான். பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மணல் மேடுகளின் ஓரமாகச் சுமார் இரண்டு மைல் போகலாம். வழியில் ஒரு குட்டி ஸ்டேஷனுக்கு 67 எழுத்துகளில் பெயர் வைத்தார்கள். வேல்ஸின் வேறொரு மூலையில் 58 எழுத்துப் பெயர் கொண்ட ஊர் ஒன்று உலகப் புகழ் பெற்றுவிட்டதே, அதை முந்துவதற்காக! அந்த நீளப் பெயருக்குள் 'டிராகனின் பற்கள்' என்று ஒரு சொல் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் எதிரி டாங்கிகள் கரையேறாமல் தடுக்க வரிசையாக நட்ட கான்கிரீட் கட்டைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவை இன்னும் கடற்கரையில் நிற்கின்றன. குழந்தைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடுகிறார்கள்.

மினி ரயில் முடியும் இடத்தில் மௌதாக் ஆறு கடலில் கலக்கிறது. எதிர்க்கரையில் பார்மவுத் நகரம், கூப்பிட்டால் கேட்கும் தூரம் போலத் தெரியும். கோடையில் படகில் போய்விடலாம். இல்லையென்றால் 1867-ல் திறந்த, ஏறக்குறைய அரை மைல் நீளமுள்ள பாலத்தில் ரயிலிலோ நடந்தோ போகலாம். காரில் போவதென்றால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு பல மைல் போக வேண்டும்.

அமைதிக்கும் விலை உண்டு

கோடையில் ஊர் கலகலவென்று இருக்கும். இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். வாளியும் குட்டி மண்வெட்டியுமாகக் குழந்தைகள், ஐஸ்க்ரீம் கடையில் கூட்டம். அக்டோபர் தாண்டினால் எல்லாம் அடங்கிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. காற்று வீசும் நாளில் உப்புத் தூறல் ஜன்னல் கண்ணாடியில் படியும். காலையில் துடைத்தால் மறுநாளும் துடைக்க வேண்டும்.

சுமார் 700 பேர்தான் ஊர். யார் வீட்டு விளக்கு இரண்டு நாளாக எரியவில்லை என்பதுகூட அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். கடையில் பால் வாங்கப் போனால் பத்து நிமிடம் பேசாமல் வர முடியாது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் அபெரிஸ்ட்வித் போக வேண்டும். காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ரயிலை விட்டுவிட்டால் அடுத்த ரயிலுக்குச் சில சமயம் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, 'பரவாயில்லை, அமைதிதான் வேண்டும்' என்று வந்தவர்கள் இங்கே நிறைய.

ஒரு தம்பதியைக் கற்பனை செய்து பாருங்கள். பெயர் வேண்டாம், ஏனென்றால் இவர்களைப் போல இங்கே பல வீடுகள் உண்டு. இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் முப்பது வருஷ வேலை. சின்ன வயதில் அம்மா அப்பாவோடு இந்தக் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆனதும், இருந்த வீட்டை விற்று, மாடியில்லாத ஒரு தனி வீட்டை இங்கே வாங்கினார்கள். பின்னால் காடர் இட்ரிஸ் மலை, முன்னால் கடல். வாழ்க்கையின் கடைசிப் பகுதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு காகிதம் செய்த வேலை

2014-ன் தொடக்கத்தில் டி.வி-யில் செய்தி வந்தது. ஃபேர்போர்னைக் கடலிலிருந்து என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாது. இன்னும் சுமார் 40 வருஷம் தடுப்புகளைப் பராமரிப்பார்கள். அதற்குப் பிறகு பராமரிப்பை நிறுத்தி, மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று கடலோரத் திட்டம் சொல்கிறது. அப்படித்தான் 2054 என்ற வருஷம் இந்த ஊரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் 'பிரிட்டனின் முதல் பருவநிலை அகதிகள்' என்று எழுதின.

திட்டத்தின் காரணம் புரியாதது அல்ல. ஊருக்கு மூன்று பக்கமும் தண்ணீர். முன்னால் கடல், பக்கத்தில் ஆற்றின் கழிமுகம், பின்னால் மலையிலிருந்து இறங்கும் மழைநீர். கடல் மட்டம் ஏற ஏறச் சுவரையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். சுவர் எவ்வளவு உயர்கிறதோ, அது உடையும் நாளில் ஆபத்தும் அவ்வளவு பெரிது. மண்ணுக்கு அடியிலிருந்து ஊறும் நீரையும் வெளியேற்றியாக வேண்டும். இத்தனை செலவை எத்தனை காலம் தாங்குவது என்பது நிர்வாகத்தின் கேள்வி.

ஊர்க்காரர்களின் கேள்வி வேறு. 'இதே கடற்கரையில் தாழ்வாக இருக்கும் ஊர்கள் எத்தனையோ. எங்களை மட்டும் ஏன் முதலில் எழுதினீர்கள்?' கடல் ஏறும் வேகத்தைப் பொறுத்து அந்த வருஷம் முன்னே பின்னே போகலாம். ஆனால், வங்கிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது, வீட்டு விலை சரிந்தது. ரொக்கமாகப் பணம் வைத்திருப்பவர் வந்தால்தான் விற்பனை. கடல் கொண்டுபோகும் வீட்டுக்கு முழு நஷ்டஈடு தரும் சட்டமும் பிரிட்டனில் இல்லை. கடலிலிருந்து ஒரு துளி வீட்டுக்குள் வரவில்லை. ஒரு காகிதம் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பாய்லரை மாற்றலாமா?

இப்படிப்பட்ட ஊரில் தினசரி வாழ்க்கையின் கஷ்டம் பெரிய விஷயங்களில் இல்லை, சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. அந்தத் தம்பதியின் வீட்டில் பாய்லர் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுசு போட்டால் பதினைந்து வருஷம் உழைக்கும். கூரையை மாற்றினால் நாற்பது, ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை. ஆனால், இந்த வீட்டுக்கு ஐம்பது வருஷம் இருக்கிறதா? தோட்டத்தில் ஓர் ஆப்பிள் கன்று வைக்கலாமா?

'2054-ல் நாம் இருக்கவா போகிறோம்?' என்று அவர் சிரிப்பார். சிரிப்பு நிஜம்தான். ஆனால், மகளுக்கு என்று நினைத்து வாங்கிய வீடு அது. சொத்து என்று எழுதிவைக்கப்போவது சொத்தா, தலைவலியா? மனைவி பதில் சொல்லாமல் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பார்.

இளம் குடும்பங்களுக்கு இன்னும் சங்கடம். குழந்தையின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு ஊருக்குப் போகலாம் என்றால் வீடு நல்ல விலைக்குப் போகாது. இருந்தால் நிச்சயமில்லை, போனால் நஷ்டம். முன்பெல்லாம் இரவில் காற்று பலமாக அடித்தால் கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். இப்போது அதே சத்தத்துக்குச் சிலர் எழுந்து உட்கார்கிறார்கள்.

வேல்ஸ் மொழியில் 'ஹிரைத்' என்று ஒரு சொல் உண்டு. திரும்பிப் போக முடியாத ஊருக்காக, இல்லாமல் போன வீட்டுக்காக மனசு ஏங்குவதைச் சொல்வது. பொதுவாக ஊரை விட்டுப் போனவர்களுக்கு வருவது அது. ஃபேர்போர்னில் ஊருக்குள் இருந்துகொண்டே அந்த ஏக்கம் வந்துவிடுகிறது.

ஆனாலும் ஊர் காலியாகிவிடவில்லை. வசந்தம் வந்தால் வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், புல் வெட்டுகிறார்கள். ஈஸ்டர் சமயத்தில் மினி ரயில் மறுபடி ஓடத் தொடங்கும். விலை குறைந்ததைப் பார்த்து, கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்துப் புதிதாகக் குடிவருபவர்களும் உண்டு. 'எத்தனை வருஷம் கிடைத்தாலும் லாபம்தான்' என்பது அவர்கள் கணக்கு.

அந்தத் தம்பதியும் கடைசியில் பாய்லரை மாற்றத்தான் செய்வார்கள். காரணம் எளிது. இந்த ஜனவரியில் குளிர்கிறது. 2054-ல் என்ன நடக்கும் என்று தெரியாது, நாளைக் காலை வெந்நீர் வேண்டும் என்பது தெரியும். ஆப்பிள் கன்று காய்க்க நாலைந்து வருஷம் போதும். அதையும் வைத்துவிடுவார்கள்.

மாலையில் இருவரும் மேட்டில் ஏறி நிற்பார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தங்கள் வீட்டுக் கூரை. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, இருட்டும் முன் கூரை இருக்கும் பக்கமாக இறங்கி நடப்பார்கள்.